யசோதா மிஸ்ஸும் மங்கிப்போன திரையும்

லெப்டொப் திருத்துகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வாடிக்கையாளர் சொல்வதைப் பாதிதான் கேட்பான், மீதியைத் தானே ஊகித்துக்கொள்வான். "நான் ஒண்ணுமே செய்யல, அதுவா நின்னுருச்சு" என்று சத்தியம் செய்கிறவரின் கீபோர்டைக் கழற்றினால் உள்ளே பிளேன்டித் தேநீர் காய்ந்து ஒட்டியிருக்கும். "கீழ விழவே இல்ல" என்பவரின் மெஷினில் ஒரு மூலை நசுங்கியிருக்கும். பதினான்கு வருடம் இப்படியே பார்த்து, யார் வந்து எதைச் சொன்னாலும் "சரி சரி, வச்சிட்டுப் போங்க" என்று சொல்லப் பழகிவிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

யசோதா மிஸ் சொன்னதையும் அப்படித்தான் கேட்டேன். அவர் எதையும் ஊற்றவில்லை, எதையும் கீழே போடவில்லை. மூன்று மாதம் ஒரே விஷயத்தை ஒரே மாதிரி சொன்னார். நான் காது கொடுக்கவில்லை. இப்போது இதை எழுதுவதால் ஒன்றும் திரும்பி வராது என்று தெரியும். ஆனால் அவர் எப்படிப்பட்ட மனுஷி என்பதை யாராவது எழுதிவைக்க வேண்டும், அதற்கு என்னைவிடக் கடமைப்பட்டவன் யாரும் இல்லை.

என் பெயர் சதீஸ், ஊர் தெல்தோட்டை. கடை கண்டி நகரத்துக்குள், ஒரு பழைய கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தில். ஜன்னல் கிடையாது. மேலே இரண்டு குழல்விளக்கு, அதில் ஒன்று பெரும்பாலும் எரியாது. வெளியே வெயிலா மழையா என்பதை வருகிறவர்களின் குடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

மிஸ் மாநகர சபையில் முப்பத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருக்கும்போதே பரீட்சை எழுதி சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டார். பிறப்பு, விவாகம், மரணம் என்று மனிதருக்கு அரசாங்கம் கொடுக்கும் மூன்று சான்றிதழையும் தமிழிலிருந்தும் சிங்களத்திலிருந்தும் ஆங்கிலத்துக்கு மாற்றி, கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுப்பார். கணவர் போன பிறகு குண்டசாலை வீட்டின் முன்னறையில் ஜன்னலோரமாக ஒரு மேசையைப் போட்டு, ஓய்வூதியக்காரியாக உட்காராமல், முன்னைவிட அதிகமாகவே வேலை செய்தார். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் மூன்று மணிக்கு எழும்புவார். வெளிச்சம் குறைந்த பிறகு ஒரு வரிகூடத் தட்டமாட்டார். ஞாயிற்றுக்கிழமை மெஷினைத் தொடுவதே இல்லை. "வெளிச்சம் போனப்பறம் செஞ்சா பிழை வரும் தம்பி. என் பிழைக்கு இன்னொருத்தர் விமானம் ஏற ஏலாமப் போயிரும்" என்பார்.

பெயர்கள் விஷயத்தில் அவர் ஒரு பிடிவாதக்காரி. நம் ஆட்களின் பழைய சான்றிதழ்கள் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தேயிலைத் தோட்டத்து ஆபீசில் யாரோ காதில் விழுந்ததை எழுதியிருப்பார்கள். பிறப்புப் பத்திரத்தில் வீரய்யா, அடையாள அட்டையில் வீரையா, பாஸ்போர்ட்டில் இன்னொன்று. வேறு சில மொழிபெயர்ப்பாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு பத்திரத்தில் உள்ளதைத் தட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மிஸ் அப்படி இல்லை. ஒரு தடவை என் கடையில் நின்றபடியே கம்பளைப் பக்கத்து ஆள் ஒருவரோடு போனில் கால் மணித்தியாலம் பேசினார். அந்த ஆளின் தாயார் பெயர் பாப்பம்மாவா, பாப்பாத்தியம்மாவா என்பதுதான் கேள்வி. அந்தப் பக்கத்தில் "எதையாவது போடுங்க மிஸ்" என்று சொல்லியிருக்க வேண்டும். "எதையாவது எப்படிங்க போடுறது? அவங்க கைநாட்டு வச்சவங்களா இருக்கலாம். பேராவது சரியா இருக்கட்டுமே" என்றார் மிஸ். எனக்கு அன்று அது வேடிக்கையாக இருந்தது.

போன ஒக்டோபரில் கீபோர்டு மாற்றவும் விண்டோஸ் புதிதாகப் போடவும் மெஷினைக் கொண்டுவந்து வைத்தார். நல்ல மெஷின், பாவித்து வந்ததுதான் என்றாலும் விலை கூடிய ரகம். அதில் சுற்றியுள்ள வெளிச்சத்தை அளக்கும் சென்சர் ஒன்று உண்டு. வெயிலில் வைத்தால் திரை தானாகப் பிரகாசமாகும், இருட்டில் வைத்தால் தானாகக் குறையும். விண்டோஸ் போட்டு முடித்தபோது அந்த வசதி வேலை செய்வதைப் பார்த்து எனக்கே சந்தோஷமாக இருந்தது. நீரிழிவு என்கிற சீனி வருத்தம் உள்ள அறுபத்து மூன்று வயதுக்காரி, நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிறார், கண்ணுக்கு இதமாக இருக்கும் என்று அதை அப்படியே விட்டேன்.

வேலை முடிந்தது ஆயுத பூசையன்று. கடையில் உள்ள எல்லா மெஷினையும் துடைத்து, ஸ்க்ரூ டிரைவர், சோல்டரிங் அயன், பிரின்டர், கல்லாப்பெட்டி எதையும் விடாமல் சந்தனம் குங்குமம் வைப்பது என் வழக்கம். திருத்தி முடித்து ஆள் வருவதற்காகக் காத்திருக்கும் மெஷின்களுக்கும் வைப்பேன். அன்றைக்கு அவையும் என் கடைப் பொருள்தானே. மிஸ்ஸின் லெப்டொப்புக்கு நெற்றியில், அதாவது திரைக்கு மேல் நடுவில் வைத்தேன். கெமரா கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று பக்கத்தில் ஓர் அங்குலம் தள்ளிக் கவனமாகத்தான் வைத்தேன்.

மறுநாள் மிஸ் வந்து பார்த்தார். "பொட்டெல்லாம் வச்சிருக்கீங்க!" என்று முகம் மலர்ந்தார். "இத நான் அழிக்க மாட்டேன் தம்பி" என்றும் சொன்னார். அழிக்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் மெஷினைத் துடைத்து, பழைய பொட்டின் மேலேயே புதிதாகச் சந்தனம் வைத்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

இரண்டு கிழமை கழித்து முதல் தொலைபேசி அழைப்பு வந்தது.

"தம்பி, ஸ்கிரீன் மங்கலா இருக்கு. எழுத்தே தெரிய மாட்டேங்குது."

"சூரியன் படம் போட்ட பட்டன் இருக்குமே மிஸ், அத அமத்துங்க."

"அமத்துறேன். கூடுது. கொஞ்ச நேரத்துல திரும்பப் பழையபடி எறங்கிருது."

"கொண்டு வாங்க பாப்போம்."

பஸ்ஸில் வந்தார். மெஷினை ஒரு துவாயில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவது போல மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். திறந்து போட்டேன். திரை பளிச்சென்று இருந்தது. அவரே எட்டிப் பார்த்தார். "இங்க நல்லாத்தான் இருக்கு" என்றார், ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி. "வீட்டுல போட்டாத்தான்..." என்று இழுத்தார்.

"வீட்டுல ஒரு மாதிரி கடையில ஒரு மாதிரின்னு மெஷின் நடக்காது மிஸ்" என்றேன் நான். இதைவிட மடத்தனமான ஒரு வாக்கியத்தை என் தொழிலில் நான் சொன்னதில்லை. அந்த மெஷினின் வேலையே இடத்துக்கு ஏற்ற மாதிரி நடப்பதுதான். அதைப் பெரிய வசதி என்று வாய் ஓயாமல் அவருக்கு விளக்கியவனும் நான்தான்.

சும்மா அனுப்பவில்லை. திரைக்குரிய டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டேன். பேட்டரியை மிச்சம் பிடிக்க வெளிச்சத்தைக் குறைக்கும் அமைப்பை நிறுத்தினேன். வைரஸ் இருக்கிறதா என்றும் பார்த்தேன். தானாக வெளிச்சம் மாறும் அந்த ஒரு வசதியை மட்டும் தொடவில்லை, அது அவர் கண்ணுக்கு நல்லது என்று நான் முடிவு செய்திருந்தேன். அந்த வசதிக்குரிய ஒரே ஒரு கட்டத்தில் இருந்த சரி அடையாளத்தை எடுத்துவிட்டிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். பொட்டு என் மூக்குக்கு நேரேதான் இருந்தது. என் கடையில் பொட்டில்லாத பொருள் எது? சுவரில் உள்ள ஆணியைப் பார்ப்பது போல அதையும் பார்த்துவிட்டுப் போனேன்.

நவம்பரில் இன்னொரு தடவை வந்தார், டிசம்பரில் இன்னொரு தடவை. எல்லாத் தடவையும் என் நிலக்கீழ் அறையில் திரை நன்றாகத்தான் தெரிந்தது. அரை இருட்டில் மங்கலான திரையும் பிரகாசமாகத் தெரியும் என்பது என் மண்டையில் ஏறவில்லை. மூன்றாவது தடவை அவர் கெஞ்சாத குறையாகக் கேட்டதால், கடையை மூடிவிட்டு குண்டசாலைக்குப் போனேன். போய்ச் சேர ஆறரை ஆகிவிட்டது. மேசை விளக்கைப் போட்டுத் திரையைப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

"ஒருநாள் பகல்ல வந்து பாருங்களேன் தம்பி" என்றார்.

"பகல்ல வந்தா கடைய யாரு மிஸ் பாக்குறது?"

அவர் தேநீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு, "பேப்பர் வாசிக்க முடியுது. பத்திரத்துல உள்ள பொடி எழுத்துகூட வாசிக்க முடியுது. இதுல மட்டும்தான் தெரிய மாட்டேங்குது" என்றார். எந்த வைத்தியரும் எந்த மெக்கானிக்கும் இதைவிடத் தெளிவான விவரம் கேட்க முடியாது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பேப்பர் வேற, ஸ்கிரீன் வேற மிஸ். சீனி இருக்குல்ல, ஒருக்கா கண்ணக் காட்டுங்க." வாய் கூசாமல் சொல்லிவிட்டு, அவர் போட்ட தேநீரையும் குடித்துவிட்டு வந்தேன்.

கண்ணைக் காட்டினார். வைத்தியர், மிஸ்ஸின் கண்ணில் புரை லேசாகத் தொடங்கியிருப்பதாகவும், இப்போதைக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை என்றும் சொல்லிக் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தார். "தொடங்கியிருக்கு" என்ற சொல் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. புதுக் கண்ணாடி போட்டும் திரை தெரியவில்லை. அதனால் வைத்தியர் சொன்னதைவிட மோசமாக இருக்கிறது என்று மிஸ் தானே முடிவு செய்துகொண்டார்.

ஜனவரியில் அந்தப் பிழை நடந்தது. ஒரு பிறப்புச் சான்றிதழில் 1968 என்று இருக்க வேண்டியதை 1963 என்று தட்டிவிட்டார். திரையில் எட்டும் மூன்றும் அவருக்கு ஒரே மாதிரித்தான் தெரிந்திருக்கின்றன. விசா விண்ணப்பம் திரும்பி வந்தது. மிஸ் அந்த மனிதரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, புதிதாகச் செய்து கொடுத்தார். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மிஸ்தான் எடுத்துக்கொண்டார். அன்று பின்னேரமே முத்திரையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். வருகிறவர்களுக்கு வேறொரு மொழிபெயர்ப்பாளரின் இலக்கத்தை எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்.

அந்தக் கிழமை அவருடைய மகன் யுகேஷ் எனக்குப் போன் எடுத்தான். ஒரே பிள்ளை. கட்டடக் கம்பனி ஒன்றில் வேலை. விடிய ஆறு மணிக்குப் போனால் பொழுது பட்டுத்தான் வீடு திரும்புவான். கட்டார் நாட்டில் நல்ல வேலையொன்று கிடைத்து, பெப்ரவரியில் போவதற்கு டிக்கெட் வரை ஆயத்தமாகியிருந்தது.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். லெப்டொப்ல உண்மையிலேயே பிழை ஒண்ணும் இல்லையா? இருந்தா சொல்லுங்க, புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டுப் போறேன். கண்ணுதான்னா அம்மாவத் தனிய விட்டுட்டு நான் போக ஏலாது."

இப்போது நினைத்தால், அவன் எவ்வளவு நிதானமாக, எவ்வளவு சரியாகக் கேட்டிருக்கிறான்! நானோ அப்போது ஒரு மதர்போர்டைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "மெஷின்ல ஒண்ணுமே இல்ல தம்பி. நாலு தடவ பாத்துட்டேன். கண்ணுதான்" என்றேன். "ஒருவேளை" என்றுகூடச் சொல்லவில்லை.

அவன் போகவில்லை.

மார்ச் கடைசியில் யுகேஷே லெப்டொப்பைக் கொண்டுவந்து தந்தான். "அம்மாவால இனி ஏலாது அண்ணா. தேவப்பட்ட யாருக்காவது குடுத்துருங்க. வீட்டுல இருந்தா அதையே பாத்துக்கிட்டு இருக்காங்க" என்றான். நானும் வாங்கி வைத்தேன்.

சித்திரை வருடப்பிறப்பு முடிந்து கடை திறந்த கிழமையில், விற்பனைக்குப் போடலாம் என்று படம் எடுக்க நினைத்தேன். கீழே எடுத்தால் படம் கறுத்துப்போகும். அதனால் மெஷினைத் தூக்கிக்கொண்டு படியேறி, வாசலுக்குப் பக்கத்தில் உள்ள கட்டைச் சுவரின் மேல் வைத்துத் திறந்தேன். பத்து மணி வெயில். திரையில் ஒன்றுமே தெரியவில்லை. குனிந்து, கையால் நிழல் பிடித்துப் பார்த்தபோது எழுத்துகள் ஆவி மாதிரித் தெரிந்தன. ஆறு மாதத்தில் அந்த மெஷினைப் பகல் வெளிச்சத்தில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மிஸ் சொன்ன மங்கல் இதுதான் என்று அப்போதும் எனக்குச் சட்டென்று உறைக்கவில்லை. படத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் திரையின் விளிம்பைத் துடைத்தேன். காய்ந்து தடித்துப்போன சந்தனம், லேசில் வரவில்லை. நகத்தால் சுரண்டினேன். அது கழன்று விழுந்தது. திரை தானாகவே மெல்ல மெல்லப் பிரகாசமாகி, வெயிலோடு போட்டி போட்டு நின்றது.

பொட்டுக்கு அடியில் இருந்தது சென்சரின் கண். விரலால் அந்த இடத்தை மூடினேன். மங்கியது. எடுத்தேன். கூடியது. மூன்று நான்கு தடவை செய்து பார்த்தேன். வெயிலில் இருந்தாலும் இருட்டறையில் இருப்பதாக அந்த மெஷினை நம்பவைத்தது என் கை வைத்த பொட்டு. தெருவில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். எனக்கு அந்த லெப்டொப்பை அந்தச் சுவரிலேயே மோதி உடைக்க வேண்டும் போல இருந்தது. அது என்ன பாவம் செய்தது, உடைக்க வேண்டியது என் தலையை.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுக் காலை பதினொரு மணிக்கு குண்டசாலைக்குப் போனேன். பகலில்.

மிஸ் முன்னறையில் கதிரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒன்றும் இல்லை, கையில் ஒன்றும் இல்லை. ஜன்னலோர மேசை இருந்த இடத்தில் ஒரு பூச்சாடி. பேப்பர்கூட வாசிப்பதில்லையாம், இருக்கிற பார்வையை மிச்சம் பிடிக்க வேண்டுமாம். நான் பேச்சை வளர்க்காமல் மெஷினை ஜன்னல் பக்கம் வைத்துத் திறந்தேன். "இது தெரியுதா மிஸ்?" என்று கேட்டேன்.

அவர் கழுத்தை முன்னால் நீட்டினார். பிறகு மெதுவாகப் பின்னால் சாய்ந்துகொண்டார். கிட்டப் போகத் தேவைப்படவில்லை. திரையில் இருந்தது அவரே எப்போதோ செய்த ஒரு மொழிபெயர்ப்பு. வாசித்தார். பெயர், பிறந்த இடம், தாயின் பெயர், பதிவாளரின் குறிப்பு, அடியில் உள்ள பொடி எழுத்து. ஓர் இடத்திலும் தடுமாறவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு வைத்ததை, சென்சரை, நான் எடுக்காமல் விட்ட அந்தச் சரி அடையாளத்தை. "என் பிழதான் மிஸ். உங்க கண்ணுல ஒண்ணுமில்ல. முழுக்க என் பிழ" என்றேன். நாலு வார்த்தை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும். அவர் ஏசவில்லை. விரல்களைக் கீபோர்டின் மேல் வைத்து, எதையும் அழுத்தாமல் அப்படியே வைத்திருந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன்.

"திரும்பத் தொடங்குங்க மிஸ். நான் எல்லாம் சரி பண்ணித் தாறேன்."

"யுகேஷ்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல. உங்ககிட்டத்தான் முதல்ல."

"அப்ப சொல்லாதீங்க."

"ஏன் மிஸ்?"

"கட்டார்ல அந்த எடத்துக்கு வேற ஆள் போயாச்சு தம்பி. இனிக் கெடைக்காது. அம்மாவுக்காக விட்டேன்னு நெனைக்கிறான். அப்படி நெனச்சா அவனுக்கு மனசு ஆறும். ஒண்ணுமில்லாததுக்குப் போய் விட்டேன்னு தெரிஞ்சா?" என்று நிறுத்தினார். "அவன் உங்கள மட்டும் ஏச மாட்டான். பொட்ட அழிக்காம வச்சவ நான்தானே. என்னையும் ஏச ஏலாம, உள்ளுக்குள்ளயே வெந்துபோவான்."

"புதுக் கண்ணாடி சரியாயிருச்சுன்னு சொல்லலாமே மிஸ்."

"ரெண்டு மாசம் பொறுத்திருந்தா நான் போயிருக்கலாமேன்னு நெனப்பான். அது வேணாம்." கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. யுகேஷ் இப்போதெல்லாம் பக்கத்திலேயே ஒரு வேலையைத் தேடிக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறான். மிஸ் திரையை மூடினார். உள்ளே வந்தவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன அண்ணா, லெப்டொப்பத் திரும்பக் கொண்டு வந்திருக்கீங்க?"

பொய் சொல்வது எனக்குப் புதிதில்லை. "பழைய ஃபைல் எதும் வேணுமான்னு அம்மாகிட்டக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன் தம்பி" என்றேன்.

"வாங்கம்மா, சாப்பிடுவோம்" என்று அவன் தாயின் கையைப் பிடித்தான். முன்னறையிலிருந்து சாப்பாட்டறைக்கு இரண்டு படி இறங்க வேண்டும். "படி இருக்கு, பாத்து" என்றான். பொடி எழுத்தை இப்போதுதான் தூர இருந்து வாசித்த அந்த மனுஷி, படி இருக்கும் இடம் தெரியாதவர் போல ஒரு காலால் நிலத்தைத் தடவித் தடவி இறங்கினார். மகன் கையை இறுகப் பிடித்திருந்தார். கீழே இறங்கிய பிறகு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"அதுல உள்ளதெல்லாம் எனக்கு வேணாம் தம்பி. அழிச்சிருங்க."

அந்த மெஷினில் அவர் செய்த ஆறு வருட வேலை. எத்தனையோ பேரின் பெயரும் அவர்களுடைய தாய்மாரின் பெயரும் ஒரு எழுத்துப் பிசகாமல் அதற்குள் இருந்தன. மறுநாள் காலை கடையைத் திறந்ததும் அழித்தேன். அதையாவது அவர் சொன்னபடி செய்தேன்.